மலைக்கு ஒரு பழைய வண்டி

மலைநாட்டுக் குடியானவர்களுக்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் மோட்டார் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. மண்வெட்டியும் கடப்பாரையும் போல அதுவும் ஒரு கருவி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் உல்லாசமாகச் செல்கிறவர்கள், தார் ரஸ்தாவில் சௌகரியமாகப் போய், படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களைப் பார்த்து மகிழ்ந்து திரும்பி விடுகிறார்கள். அந்தப் படிகளிலிருந்து மூட்டைகள் ரஸ்தாவுக்கு எப்படி வந்து சேருகின்றன என்று யோசிப்பவர்கள் சிலரே. ஐப்பசி, கார்த்திகை மழையில், வயலுக்கும் ரஸ்தாவுக்கும் இடையேயுள்ள மண்பாதை நாற்றங்கால் போலாகி விடுகிறது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி அதில் சுழன்றுகொண்டே நிற்கும். ஓர் அடி நகராது. பிறகு குதிரை முதுகுதான் கதி. அதுவும் அகப்படாவிட்டால் பெண்களின் தலை. பூண்டாவது நாலு நாள் காத்திருக்கும். காரட்டும் கோஸும் காத்திருக்குமா?

அந்தப் பக்கத்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். மனைவியின் நகைகளைப் பாங்கியில் வைத்துக் கடன் வாங்கி, ஏறக்குறையப் பதினைந்து வயதான டீஸல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கப் போகிறாராம். நான்கு சக்கர இழுப்பு உள்ளதுதான். வாங்கிய பிறகு அதைச் சீர்படுத்தி உயர்த்துவதற்காக ஒரு ஜாபிதாவும் தயாரித்து வைத்திருக்கிறார்: பெரிய டயர்கள், டர்போ, முன்புறம் ஓர் இரும்புக் காப்பு, கூரைமேல் ஆறு விளக்குகள். இவற்றில் எதை முதலில் செய்யலாம் என்பது கேள்வி. ஜாபிதாவை இரண்டு முறை வாசித்துப் பார்த்தோம். பிரேக் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் காணவில்லை. இந்தக் குறை அவர் ஒருவருக்கே உரியதென்று நாம் நினைக்கவில்லை. பழைய வண்டி வாங்கும் பெரும்பாலோருடைய ஆசைகள் ஓடுவதைப் பற்றியே இருக்கின்றன. நிற்பதைப் பற்றி இருப்பதில்லை. ஆகவே பதிலை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறோம்.

இந்த வண்டிகளின் பூர்வோத்தரத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது வாங்குகிறவருக்கும் பிரயோஜனப்படும். 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்டதன்பேரில் பிறந்தது ஜீப். பாண்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது; வில்லிஸும் ஃபோர்டும் அதை லட்சக்கணக்கில் செய்து பெயர் வாங்கிக் கொண்டன. யுத்தம் முடிந்த 1945-ஆம் வருஷம், மஹீந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து ‘மஹீந்திரா அண்டு முகம்மது’ என்ற பெயரில் எஃகு வியாபாரம் தொடங்கினார்கள். அப்புறம் தேசம் பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதி மந்திரியானார். 1951-ல் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். 1948-ல் கம்பெனியின் பெயர் ‘மஹீந்திரா அண்டு மஹீந்திரா’ என்று மாறிற்று. சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைக் கப்பலில் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியவர்கள், போகப் போக அந்தப் பாகங்களை இங்கேயே செய்யலானார்கள். அந்நிய ராணுவத்துக்காகப் பிறந்த ஒரு யந்திரம், நம் நாட்டு ஏலக்காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் ஊழியம் செய்ய வந்தது இவ்விதம்தான்.

ஆரம்பத்தில் இந்த ஜீப்புகள் பெட்ரோல் குடித்தன. பின்னர் டீஸல் என்ஜின்கள் வந்தன. அவற்றுள் சில இண்டர்நேஷனல் டிராக்டரின் என்ஜின் வம்சத்தைச் சேர்ந்தவை. சில பிரெஞ்சுக்காரர்களான பெஜோ கம்பெனியாரின் அமைப்பைத் தழுவியவை. 2000-ல் பொலேரோ வெளிவந்தது. அதன் குடும்பத்தில் தோன்றிய கேம்பர் என்னும் பிக்கப்பில் நான்கு சக்கர இழுப்புள்ள ரகமும் உண்டு. 2,523 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நாலு சிலிண்டர் டீஸல் என்ஜின் அதில் இருக்கிறது. இது வேகத்துக்குப் பேர்போன என்ஜினன்று. பாரம் இழுக்கிற மாடு போல, மெதுவாக, ஆனால் விடாமல் இழுக்கும்.

இந்த வம்சாவளியை நாம் சிபாரிசு செய்வதற்குத் தேசாபிமானம் மட்டும் காரணமில்லை. போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினந்தோறும் மலையேறுபவை இதே ஜாதி ஜீப்புகள். கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து தேனி ஜில்லாவைச் சேர்ந்த கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமாய்ப் போகும் பாதையில் ஏறுபவையும் இவையே. ஆகவே மலையடிவாரத்து ஊர் ஒவ்வொன்றிலும் இதன் வயிற்றைத் திறந்து மூடத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் இருப்பார், சாமான்களும் அகப்படும். அபூர்வமான வெளிநாட்டுப் பிக்கப் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு, ஒரு சிறு ரப்பர் வளையத்துக்காக ஒரு மாதம் வண்டியை மரத்தடியில் நிறுத்தி வைப்பது குடியானவனுக்குக் கட்டி வராது.

இன்னொன்று. பழைய டீஸல்களில் எண்ணெயை அளந்து செலுத்தும் பம்பு முழுக்க முழுக்க இரும்பும் பல்லும் சேர்ந்த யந்திரம். பின்னால் வந்தவற்றில் ‘காமன் ரெயில்’ என்ற ஏற்பாடு. அங்கே மின்சார மூளை ஒன்று கணக்குப் பார்த்து எண்ணெய் விடுகிறது. புகை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் கோளாறு கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும். பட்டணத்துக்குச் சமீபமாக இருப்பவர்கள் பிந்தியதை வாங்கலாம். கருவியுள்ள பட்டறைக்கு ஒரு பகல் பிரயாணம் செய்ய வேண்டிய மலைக் கிராமத்தாருக்கு முந்தியதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

இனி, பார்த்து வாங்குகிற விதம். விற்கிறவர் வீட்டுக்கு விடியற்காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போகவேண்டும். போனவுடன் மூடியின்மேல் கையை வைத்துப் பாருங்கள். என்ஜின் சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ அதைக் கிளப்பிப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். கிளம்பும்போது சற்று வெண்புகை வந்து மறைந்தால் பாதகமில்லை. சூடேறிய பிறகும் வெண்புகை நின்றபாடில்லையென்றால், நாசிலில் கோளாறு இருக்கலாம், அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். நீலப் புகை, என்ஜின் ஆயிலைச் சேர்த்து எரிக்கிறது. கரும்புகை, காற்றுக்கு மிஞ்சி டீஸல் போகிறது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கிருந்து மூச்சு வாங்குவதுபோல் புகை குப்குப்பென்று வந்தால், ரிங்கும் பிஸ்டனும் தேய்ந்து போயின. அந்த வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழித்துப் பேசவேண்டும். கழிக்க மாட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்பி விடலாம்.

என்ஜினையாவது பணம் செலவழித்துப் புதிதாக்கி விடலாம். சட்டத்தில் துரு ஏறியிருந்தால் அதைப் புதிதாக்குவது துர்லபம். வர்ணம் பளபளவென்று இருக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள். அதற்காகத்தான் வர்ணம் அடித்திருக்கிறார்கள். ஒரு பழைய துணியை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தோடு சேருமிடங்களையும், ஸ்டியரிங் பெட்டி பொருந்துமிடத்தையும் ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். பட்டி பூசி மறைத்த இடம் மொத்தென்னும். விரிசலின்மேல் பற்றவைத்த தழும்பு இருந்தால், அந்த வண்டி தாங்கக்கூடியதற்கு மேல் சுமந்து ஜீவித்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

கீழே படுத்திருக்கும்போதே மற்றொன்றையும் பார்த்துவிட வேண்டும். முன் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அந்த இடத்தில் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். முன் கிரௌனில் ஏதோ பழுது வந்து, செலவுக்கு அஞ்சி ஷாஃப்டையே கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு சக்கரத்திலேயே காலத்தை ஓட்டிய வண்டிகள் அநேகம். உள்ளே கம்பி மட்டும் கம்பீரமாக நிற்கும். இழுத்தால் ஒன்றும் நடக்காது. இழுப்பைச் சோதிக்க வேண்டிய இடம் சேறு அல்லது தளர்ந்த மண். காய்ந்த தார் ரஸ்தாவில் போட்டுப் பார்க்கக் கூடாது. ஏனென்றால், இவ்வகை வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் விறைப்பாகப் பிணைக்கப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும்; சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகும், தார் ரஸ்தாவில் வழுக்க இடமில்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். வாங்கிய பிறகு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது. அவர்கள்தாம் வேடிக்கைக்காகக் கம்பியை இழுப்பவர்கள்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லாமலும் விட முடியாது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின், சேஸிஸ் எண்களை இரும்பிலுள்ள எண்களோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். முந்தின கடன் தீர்ந்து, அந்தக் குறிப்பு ரத்தாகியிருக்க வேண்டும். பாரவண்டிக்கு எட்டு வருஷம் கடந்தபின் வருஷந்தோறும் தகுதிப் பத்திரம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. பதினைந்து வருஷம் கடந்தவற்றுக்கு அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் சர்க்கார் பன்மடங்கு உயர்த்தினார்கள். வீட்டுக் கணக்கு எழுதும் அம்மணிகள் இந்தத் தொகையையும் முதலிலேயே விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். சர்க்கார் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நிற்க. வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் ஜாபிதாவுக்கு வருகிறோம்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வண்டி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தை விட்டு இறங்குகிறது. சரக்கோடு சேர்ந்து அதன் எடை 2,500 கிலோ என்று வைத்துக்கொண்டு நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவ்வளவு பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் சூடாக மாற்றினால், 20 டிகிரியிலுள்ள தண்ணீர் 130 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து விடலாம்! கல்யாண வீட்டில் பின்கட்டு அடுப்பில் ஏற்றும் அண்டாவை நினைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் காற்றும், டயர் உராய்வும், கியரில் ஓடும் என்ஜினும் வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் நாலு சக்கரங்களிலுமுள்ள கையகல பிரேக்குகளின் தலையில்தான் விடிகிறது.

சூடேறினால் என்ன ஆகும்? லைனிங் பிடிப்பை இழக்கிறது. டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. இவை இரண்டையும் விடப் பொல்லாதது, குழாய்களிலுள்ள பிரேக் திரவம் கொதிப்பது. டாட் 3 என்று முத்திரையிட்ட புதுத் திரவம் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அதற்கு ஒரு சுபாவம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்படி ஈரம் ஏறிய பிறகு அதன் தாங்கும் எல்லை 140 டிகிரிக்கு இறங்கி விடலாம். கொதித்த திரவத்தில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். குமிழை மிதித்தால் அது அமுங்குமே தவிர, பிரேக்கை அழுத்தாது. பெடல் பலகை வரை போய்விடும். கீழே கொண்டை ஊசி வளைவு காத்திருக்கும். பதினைந்து வருஷத்து வண்டியில் எத்தனை வருஷத்துத் திரவம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஆகையால் பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய உயர்வுகளில் மிக மலிவானதும் மிக உத்தமமானதும், வாங்கிய வாரமே அந்தத் திரவம் முழுவதையும் வடித்துப் புதிது நிரப்புவதுதான். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்தால் போதும். கூடவே ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாயிருந்தாலும் வயதானவை உள்ளே ஊதிப்போயிருக்கும். லைனிங், சக்கரச் சிலிண்டர்கள், கைப் பிரேக்கின் கம்பி, எல்லாம் இதே வேலையில் முடியட்டும். தேர்ந்தெடுக்கும் நிலையிலேயே, முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாகப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். டிரம்மைவிட அது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்.

டீஸல் வண்டிக்கே உரிய ஒரு சூட்சுமத்தையும் இங்கே சொல்லவேண்டும். பிரேக்கை லேசாக மிதித்தாலும் பலமாகப் பிடிப்பதற்கு உதவுவது பூஸ்டர். அது வெற்றிடத்தால் வேலை செய்கிறது. பெட்ரோல் என்ஜினில் அந்த வெற்றிடம் தானாகக் கிடைக்கும், டீஸலில் கிடைக்காது. ஆகவே பெரும்பாலும் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோடு ஒரு சிறு பம்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பம்பு தேய்ந்தால் வண்டி வழக்கம்போல் ஓடும். நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்காது. சோதனை எளிது. என்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை பெடலை மிதித்து, அது கல்லாய் இறுகியபின், காலை எடுக்காமலே என்ஜினைக் கிளப்புங்கள். பெடல் சற்றுத் தானே உள்ளிறங்கினால் பூஸ்டர் உயிரோடிருக்கிறது. இறக்கத்தில் டீஸலை மிச்சப்படுத்துவதாக எண்ணி என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டிவரும் வழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் தீர்ந்துபோகும். அப்புறம் அவர்களைக் காப்பாற்றக் கல்தான் இருக்கிறது. கல் கிடைக்க வேண்டும். எந்தக் கியரில் அந்த மலையை ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்கள் கைக்கொண்ட முறை. நான்கு சக்கர வண்டியின் ‘லோ’ கியரை ஏறுவதற்கென்றே வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். செங்குத்தான மண்பாதையில் இறங்குவதற்கும் அதைவிட உற்ற துணை வேறில்லை.

இரண்டாவதாகப் பணம் போகவேண்டிய இடம் ஸ்டியரிங். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கடகடவென்று ஆடக்கூடாது. ஸ்பிரிங் பட்டைகள் இறங்கியிருந்தால் அதே கனமுள்ளவற்றை மாற்றிப் போடலாம். அதிக பாரம் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை சேர்ப்பதை மட்டும் நாம் ஆதரிக்கமாட்டோம். பட்டை தாங்கும், சட்டமும் அச்சும் பிரேக்கும் தாங்குமா? போதாக்குறைக்குச் சரக்கில்லாத நாளில் பின்பக்கம் தவளைபோல் துள்ளும்.

மூன்றாவது ரேடியேட்டர். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. அதைக் கொதிக்க விடாமல் அழுத்திப் பிடிப்பது ரேடியேட்டரின் மூடிதான். அற்ப விலையுள்ள அந்த மூடியின் ரப்பர் போய்விட்டதைக் கவனிக்காமல் என்ஜினையே வேகவைத்தவர்கள் உண்டு.

இப்போது டர்போ. இதில் அன்பருடைய ஆசை நியாயமானதே என்று ஒப்புக்கொள்கிறோம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலிருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத என்ஜின் அந்த மட்டுக்கு மூச்சை இழக்கிறது. டீஸல் மிஞ்சிக் கரும்புகை கக்குகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவுக்கு மலையில் மதிப்பு அதிகம். ஆனால் தொழிற்சாலையிலேயே டர்போ வைத்துப் பிறந்த என்ஜின் வேறு, பட்டறையில் டர்போ மாட்டிய என்ஜின் வேறு. முன்னதற்குப் பிஸ்டனும் ஆயில் ஓட்டமும் அந்தச் சூட்டுக்கு ஏற்றவாறு அமைந்திருக்கும். பின்னதற்குச் சிறிது காலம் வீரியம். அப்புறம் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் பலி. டர்போ வேண்டுமானால் டர்போவோடு கூடிய வண்டியையே வாங்கவேண்டும். இல்லாததை வாங்கியிருந்தால், காற்று வடிகட்டியை மாற்றி, நாசில்களைச் சோதித்து, பம்பை அளவுபார்த்து, வால்வு இடைவெளியைச் சரிசெய்து பாருங்கள். வண்டிக்கு வயதாகிவிட்டதென்று நினைத்தது பல சமயங்களில் வடிகட்டியின் அழுக்காகவே இருக்கும். கரும்புகை பலத்தின் அடையாளம் என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: டீஸல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிறுவனம் 2012-ல் தீர்மானித்தது. அந்தப் புகை முதலில் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், ஒவ்வொரு கியரும் அதே அளவு விறைத்துப் போகும். ஏற்றத்தில் இழுப்புக் குறையும். இறக்கத்தில் பிரேக்கின் பிடியும் அதே அளவு தளரும். வேகமானி 50 காட்டும்போது வண்டி 55-ல் போகும். மலைக்குப் பெரிய டயர் வேண்டாம். சேற்றைக் கவ்வும் ஆழ்ந்த பள்ளங்களுள்ள, கம்பெனி சொன்ன அளவு டயரே வேண்டும். பழைய வண்டியோடு வரும் டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமலே ரப்பர் கிழடாகிவிட்ட டயர்கள் விற்கிறவரின் வண்டியில் அழகாகவே இருக்கும்.

இரும்புக் காப்பை அன்பர் அடியோடு மறந்துவிட வேண்டும். 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் அதைச் சட்ட விரோதமென்று அறிவித்து, மாகாணங்களுக்குத் தாக்கீது அனுப்பி விட்டார்கள். நடந்துபோகிறவன்மேல் பட்டால் அது கொல்லும் என்பது காரணம். பொதுவாகவே, ஆர்.சி.யில் உள்ளதற்கும் கம்பெனி அமைப்புக்கும் விரோதமாக வண்டியை உருமாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஹரியானாவில் டப்வாலி முதலிய ஊர்களில் பழைய ஜீப்புகளை ராஜகுமாரர்கள் ஏறுகிற ரதம்போல் அலங்கரித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தொழிலாளிகளின் கைவன்மையை நாம் மெச்சுகிறோம். ஆனால் அவற்றில் ஒன்றை ஆசைப்பட்டு இங்கே கொண்டுவந்தால், தகுதிப் பத்திரம் வாங்கும் நாளில் கண்ணீர் விட நேரும். தேய்ந்த பாகத்தை அதே பாகத்தால் மாற்றுகிற குடியானவனையும், கொம்பும் கிரீடமும் வைக்கிற மைனரையும் அதிகாரிகள் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம். என்ஜினையே மாற்ற நேர்ந்தால் முன் அனுமதி பெற்று, அதை ஆர்.சி.யில் பதிந்துகொள்வது அவசியம்.

அன்பர் தமது கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் ஒரு வரி நம்மைக் கலங்க வைத்தது. அறுவடை நாட்களில் வேலையாட்களான பத்துப் பெண்களைப் பின்தொட்டியில் ஏற்றிக்கொள்ள வசதியாயிருக்கும் என்கிறார். இந்த வழக்கம் மலை முழுதும் இருக்கிறது; இருப்பதால் அது சரியாகிவிடாது. பின்தொட்டியில் நிற்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாரவண்டியில் இனாமாக ஏறிச் சென்றவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்பது சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு. சரக்குக்கு உடையவரோ அவருடைய பிரதிநிதியோ கூட வந்தால்தான் பாதுகாப்பு உண்டு. விபத்து நேர்ந்தால் அந்தக் குடும்பங்களுக்கு ஒன்றுமில்லை. அல்லது அன்பருடைய நிலம் போகும். ஒற்றைக் காபினுக்குப் பதிலாக, பின்னாலும் ஓர் ஆசனமுள்ள இரட்டைக் காபின் வண்டியை அவர் வாங்கட்டும். தொட்டி சற்றுச் சிறுத்து, மூட்டைகள் குறையும். நாலு பேர் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து போகலாம். மற்றவர்களுக்கு இரண்டாவது நடை போகட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, கையிலிருப்பது முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கைத் தனியே முடிந்து வைத்து, முன் சொன்ன வரிசையிலேயே செலவிடவேண்டும். விளக்குகளுக்கு அதில் மிச்சமிருந்தால், கூரைமேல் ஆறு வேண்டாம்; கம்பெனி வைத்த இரண்டின் மங்கிப்போன கண்ணாடியை மாற்றினாலே மூடுபனியில் வழி தெரியும்.

கடைசியாக வர்ணம். பழைய ஜீப் ஜாதி வண்டி வாங்கும் இளைஞர்களுக்கெல்லாம் ராணுவப் பச்சை அடிக்கவேண்டும் என்ற மோகம் பிறந்து விடுகிறது. ராணுவ இலாகாவின் வண்டிகளைத் தவிர வேறெதற்கும் அந்த ஆலிவ் பச்சை கூடாதென்று 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி தடுக்கிறது. வேறு எந்த நிறமும் அடிக்கலாம். அடித்தபின் ஆர்.சி.யிலும் அதை எழுதுவித்துக்கொள்ள மறக்கவேண்டாம்.